இரட்டைக் கொம்புக் கிட்டாரைத் திருப்பிப் பாருங்கள்

அக்கா மகளுக்கு 14 வயது. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக் குழுவோடு நிற்கிறாள். மே மாத விடுமுறைக்குச் சேலம் வந்தவள், எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று கேட்டாள். எந்த மாதிரி என்று கேட்டதற்குக் காற்றில் விரலால் வரைந்து காட்டினாள்: மேலே நீளமாக ஒரு கொம்பு, கீழே குட்டையாக ஒரு கொம்பு, நடுவில் ஒடுங்கிய இடுப்பு. "இந்த மாதிரி மாமா. எல்லாரும் வெச்சிருக்கிறது."

அவள் வரைந்தது ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், கிட்டாரின் உருவம். கிட்டார் பிடிக்கத் தெரியாதவர்கள்கூட எலக்ட்ரிக் கிட்டார் என்றால் அதைத்தான் வரைவார்கள். ஆனால் கடைக்குப் போனால் அந்த உருவத்தில் ஒரு கிட்டார் மட்டும் இருக்காது. ஸ்குவையர், யமஹா, ஐபனேஸ், பி.ஆர்.எஸ்., கோர்ட் என்று வரிசையாகத் தொங்கும். தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். மடியில் வைத்தால் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. எதை வாங்குவது என்று நாங்கள் இருவரும் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து பார்த்ததை எழுதுகிறேன். இதே கேள்வியோடு கடை வாசலில் நிற்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில், நான் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அப்பா புதிதாக ஒரு கொலுசைக் கையில் வாங்கினால் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகப் புரட்டி, காலில் படும் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். பற்றவைத்த இடத்தில் பிசிறு இருக்கிறதா, கொக்கியின் முனை மழுங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் ஒரு ஃபோட்டோவைப் பார்த்து அச்சு எடுத்துவிடலாம். உள்பக்கத்துக்கு, அது எந்தக் காலில் ஏறப்போகிறது என்று யோசித்தவன்தான் அரம் பிடிப்பான்.

என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரை அப்படிப் புரட்டிப் பார்க்காமல் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். சிவப்பு நிறம், இரட்டைக் கொம்பு, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப், முன்னால் இருந்து பார்த்தால் அப்படியே ஸ்ட்ராட். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வாசித்தபிறகுதான் வலது விலா எரிந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஓர் அடிக்கோல் வைத்து அழுத்தியதுபோலக் கோடு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பலகையாகத் தட்டையாக இருந்தது. ஸ்ட்ராட்டின் பின்பக்கத்தில் மேல்விளிம்பை ஒட்டி ஒரு பெரிய சரிவு செதுக்கியிருக்கும், விலா அதில்தான் போய் உட்காரும். என் கிட்டாரைச் செய்தவர் முன்பக்க ஃபோட்டோவை மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சரிவுதான் இந்த உருவம் பிறந்ததற்கே காரணங்களில் ஒன்று. ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் செய்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, வாசிப்பவர்கள் குறை சொன்னால் உட்கார்ந்து கேட்பார். ஸ்ட்ராட்டுக்கு முன் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த டெலிகாஸ்டர் நேர்விளிம்புள்ள தட்டைப் பலகை. ரெக்ஸ் காலியன், பில் கார்சன் போன்ற வாசிப்பாளர்கள் அந்த விளிம்பு உடம்பில் குத்துகிறது என்று முறையிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் இருந்த லியோவின் பட்டறையில் ஃப்ரெடி டவாரஸ் என்ற இசைக்கலைஞர் புதிய உருவத்தை வரைந்தார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. பின்னால் விலாவுக்கு ஒரு சரிவு, முன்னால் வலது முன்கை படும் இடத்தில் இன்னொரு சரிவு. உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் வழுக்காமல் நிற்க இடுப்பு ஒடுக்கம், அதுவும் மேலும் கீழும் நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாக.

கொம்புகளும் அழகுக்காக வந்தவை அல்ல. கீழ்க் கொம்பின் பக்கத்தில் வெட்டியிருப்பதால்தான் இடது கை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் கடைசி வரை எட்டுகிறது. மேல்க் கொம்பு செய்வது வேறு வேலை. அதன் நுனியில்தான் ஸ்ட்ராப், அதாவது தோள்பட்டி, மாட்டும் பட்டன் இருக்கிறது, ஏறத்தாழ 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக. தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் புள்ளி நடுவில் இருந்து விலகினால் ஒரு தட்டு சாயும். கிட்டாரில் நீளமான கழுத்தும் ஆறு முறுக்கிகளும் ஒரு பக்கம், மரக்கட்டை மறுபக்கம். மேல்க் கொம்பு குட்டையாக இருந்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும், இடது கை வாசிப்பதை விட்டுவிட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கிப்ஸன் எஸ்.ஜி. வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். ஆக இந்த உருவத்தில் நாலு இடம் முக்கியம்: விலாச் சரிவு, முன்கைச் சரிவு, மேல்க் கொம்பின் நீளம், கீழ்க் கொம்பின் வெட்டு. இவற்றோடு கழுத்து உடலில் வந்து சேரும் மூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் கைவைப்பது இந்த இடங்களில்தான்.

எப்படி எல்லாரும் இதையே செய்ய முடிகிறது, கேஸ் போடமாட்டார்களா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஸ்ட்ராட், டெலிகாஸ்டர், பிரிசிஷன் என்ற பேஸ் கிட்டார் ஆகிய மூன்றின் உடல் உருவத்தையும் தன் வணிகச் சின்னமாகப் பதியவேண்டும் என்று ஃபெண்டர் 2003-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. மற்ற கிட்டார் தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்து எதிர்த்தார்கள். 2009-ல் வணிகச் சின்ன முறையீட்டு வாரியம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அத்தனை வருடங்களாக அத்தனை பேர் செய்து விற்றபிறகு அந்த உருவம் ஒருவருடைய அடையாளமாக நிற்காது என்பதுதான் சாரம். ஆனால் தலைப்பகுதி, அதாவது ஹெட்ஸ்டாக், ஃபெண்டரின் சின்னமாகவே இருக்கிறது. எங்கள் தொழிலிலும் இப்படித்தான். ஒரு பட்டறையில் புது டிசைன் இறங்கினால் அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் அதே டிசைன் ஓடும். யாரும் சண்டைக்குப் போவதில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் குத்தும் முத்திரையை மட்டும் இன்னொருவர் தொடக்கூடாது. கடையில் வரிசையாகத் தொங்கும் கிட்டார்களில் உடல் எல்லாம் ஒன்றாகவும் தலை எல்லாம் வேறாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, கிட்டார்களுக்கு வருவோம்.

முதலில் எடுத்தது ஸ்குவையர். இது ஃபெண்டரின் சொந்தப் பிள்ளைதான். முதலில் வி.சி. ஸ்குவையர் என்ற கம்பி தயாரிக்கும் கம்பெனியாக இருந்தது, 1965-ல் ஃபெண்டர் அதை வாங்கியது. எழுபதுகளில் டோக்காய், கிரேக்கோ போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் பழைய ஸ்ட்ராட்டை அமெரிக்கர்களே வியக்கும்படி நகலெடுத்தபோது, அதற்குப் பதிலாக 1982-ல் ஜப்பானிலேயே தன் கிட்டாரைச் செய்யவைத்து, விலை குறைந்த வரிசைக்கு அந்தப் பழைய பெயரைச் சூட்டியது. அதனால் ஸ்ட்ராட்டின் ஒரிஜினல் தலையோடு குறைந்த விலையில் கிடைப்பது இது ஒன்றுதான். ஆனால் ஸ்குவையருக்குள்ளேயே இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. அஃபினிட்டி வரிசையில் உடல் மெல்லியது. எடை குறையும், தோளுக்கு நல்லது. ஆனால் கட்டை மெலிந்தால் சரிவு செதுக்க ஆழம் கிடைக்காது. அவள் மடியில் வைத்துப் பார்த்தபோது விலாவில் குத்தவில்லை, ஆனால் சாய்ந்து உட்காரும் அந்தச் சுகமும் வரவில்லை. கிளாசிக் வைப் வரிசை முழுத் தடிமனில் பழைய ஸ்ட்ராட்டைப் போலவே வருகிறது. சரிவில் கை வைத்தாலே தெரிகிறது, பின்பக்கத்தைப் பொறுத்தவரை இது மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கழுத்து மூட்டு மட்டும் 1954-ல் இருந்த அதே சதுரக் கட்டைதான். 17-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டும்போது உள்ளங்கை அதில் போய் முட்டும்.

அப்புறம் யமஹா பசிஃபிக்கா. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்தவர்கள் ஸ்ட்ராட்டை நகலெடுக்கவில்லை, திருத்தினார்கள். யமஹாவின் கலிஃபோர்னியக் கிளையில் வடிவமைத்து 1990-ல் வந்தது. 112 என்ற மாடல்தான் நீண்ட காலமாக ஆரம்பநிலை மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கைகாட்டும் கிட்டார். ஸ்ட்ராட்டுக்குப் பெயர்பெற்ற ஆல்டர் மரத்தையே இந்த விலையிலும் வைத்திருக்கிறார்கள். உருவத்தில் பார்த்தால் கொம்புகள் கொஞ்சம் மெலிந்து நுனி கூர்ந்திருக்கும். விளிம்பு முழுக்கக் கூடுதலாக உருட்டியிருக்கும். ஃப்ரெட் 21-க்குப் பதில் 22.

எனக்குப் பிடித்த திருத்தம் இன்னும் சின்னது. ஸ்ட்ராட்டில் கேபிள் செருகும் துளை முன்முகத்தில், படகு மாதிரிக் குழிந்த ஓர் உலோகத் தட்டில் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் கேபிளின் தலை எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். பசிஃபிக்காவில் அதைப் பக்க விளிம்புக்கு மாற்றிவிட்டார்கள். கேபிளை ஸ்ட்ராப்பின் பின்னால் ஒரு சுற்று விட்டால் மிதித்தாலும் பிடுங்கிக்கொள்ளாது. இரண்டு டோன் குமிழ்களை ஒன்றாகக் குறைத்தார்கள். 112வி மாடலில் அந்த ஒற்றைக் குமிழை மேலே இழுத்தால் பிரிட்ஜ், அதாவது கம்பிகள் உடலில் ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் பாதியாகப் பிரிந்து, ஒற்றைச் சுருளான சிங்கிள் காயில் போலப் பேசும். விரல்பலகையும் ஸ்ட்ராட்டைவிடத் தட்டையானது. பழைய ஸ்ட்ராட்டின் விரல்பலகை வளைவு 7.25 இன்ச் ஆரம், அதாவது நன்றாக உருண்டது. காட் (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்கச் சுகம், ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்து வளைத்தால் சத்தம் செத்துவிடும். பசிஃபிக்காவில் ஏறத்தாழ 13.75 இன்ச். கம்பியைத் தாராளமாக வளைக்கலாம்.

ஏற்காட்டுக்குப் போகும் கிட்டார் என்பதால் பசிஃபிக்காவின் அந்த ஹம்பக்கரை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச்சுருள். கம்பியின் அதிர்வைப் பிடிப்பதுபோலவே பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலையும் பிடித்துவிடும். சர்ச்சில் பாட்டுக் குழு நிற்கும் மூலைக்குப் பின்னாலேயே இன்வெர்ட்டர். மலையில் மழை பிடித்தால் கரண்ட் போகும், இன்வெர்ட்டர் ஓடும், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று ஒரு சுருதி நிற்கும். பிரார்த்தனை நேரத்தில் அது அசிங்கம். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

ஐபனேஸ் ஆர்.ஜி. பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அது வேறு கைக்கான கிட்டார். எழுபதுகளின் இறுதியில் எடி வான் ஹேலன் என்ற ராக் கிட்டாரிஸ்ட் ஸ்ட்ராட் வடிவ உடலில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரைப் பதித்து வாசித்தது பலருக்கு வழிகாட்டியது. சார்வெல், ஜாக்ஸன் போன்ற கம்பெனிகள் அந்த வழியில் போயின. 1987-ல் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காகச் செய்த கிட்டாரில் இருந்து ஐபனேஸ் ஆர்.ஜி.யை உருவாக்கியது. கொம்புகள் இரண்டும் முள்ளாகக் கூர்ந்திருக்கும், விளிம்புகள் சீவியிருக்கும், கழுத்து பட்டையாக மெல்லியது, ஃப்ரெட் 24. கீழ்க் கொம்பின் வெட்டு ஆழமாகப் போகிறது, கடைசி ஃப்ரெட்டில் கை தாராளமாக உட்காரும்.

ஆனால் அந்த மூன்று ஃப்ரெட்டுகளுக்கும் ஒரு விலை உண்டு. ஸ்ட்ராட்டில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் இருப்பது, 24-ஆம் ஃப்ரெட் இருந்திருந்தால் எங்கே வருமோ ஏறத்தாழ அந்த இடத்தில். அங்கேதான் அந்த உருண்ட, மணி போன்ற நாதம் கிடைக்கிறது. 24 ஃப்ரெட் வைத்துவிட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளிப்போகும், நாதம் கொஞ்சம் இறுகிவிடும். வேகமாக ஓடும் கைக்கு அது பொருட்டில்லை. மெதுவான பாட்டுக்குக் காட்களை விரித்துப் போடும் பிள்ளைக்கு அந்த உருண்ட சத்தம்தான் வேண்டும். ஆர்.ஜி.யின் விலை குறைந்த வகையான ஜி.ஆர்.ஜி.யை எடுத்து வாசித்துவிட்டு அவளே திருப்பி மாட்டினாள்.

அதே ஐபனேஸில் இருந்து இன்னொன்று, ஏ.இசட்.இ.எஸ். என்ற வரிசை. ஆர்.ஜி.க்கு நேர் எதிர்த் திசை. கொம்புகளை மறுபடி மழுக்கி, உருவத்தை ஸ்ட்ராட்டின் பக்கமாகக் கொண்டுவந்து, மொத்த உடலையும் கொஞ்சம் சிறிதாக்கியிருக்கிறார்கள். கம்பி நீளம் 25.5 இன்ச்சுக்குப் பதில் 25. அரை இன்ச்சில் என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்ற, குட்டையான நீளத்துக்குக் குறைந்த இழுவை போதும், ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் ஒரு நூல் நெருங்கும். முதல் ஃப்ரெட்டில் எஃப் காட் பிடித்துப் பார்த்தபோது அவள் முகத்தில் தெரிந்தது. அக்கூஸ்டிக்கில் இரண்டு வருடமாக அவளோடு மல்லுக்கட்டிய காட் அது.

நாங்கள் தொட்டதிலேயே விலை கூடியது பி.ஆர்.எஸ். எஸ்.இ. சில்வர் ஸ்கை. வாங்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் கேட்டோம், மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. பால் ரீட் ஸ்மித்தின் கம்பெனி 1985-ல் தொடங்கியது. பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜான் மேயர் தன்னிடம் இருந்த 1963, 1964 காலத்து ஸ்ட்ராட்களை முன்மாதிரியாக வைத்து அவர்களோடு சேர்ந்து வடிவமைத்த சில்வர் ஸ்கை 2018-ல் வந்தது. விலை குறைந்த எஸ்.இ. 2022-ல். வந்த புதிதில் 'பி.ஆர்.எஸ். ஸ்ட்ராட்டை நகலெடுத்துவிட்டது' என்று ஒரே கூச்சல். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அதன் கீழ்க் கொம்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்ட்ராட்டில் அந்த இடம் செங்குத்தான சுவர். பி.ஆர்.எஸ்.ஸில் அங்கே, கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தெடுத்ததுபோல ஒரு குழிவு, முன்முகத்தில் இருந்து உள்ளே சரிந்து இறங்குகிறது. மேல் ஃப்ரெட்டுக்குப் போகும் கையின் விரலடி அந்தக் குழிவில் போய் அடங்குகிறது. கேபிள் துளையை முன்முகத்திலேயே விட்டிருந்தாலும் தட்டைத் தங்கள் பாணியில் வார்த்திருக்கிறார்கள். தலையில் ஆறு முறுக்கியும் ஒரே வரிசையில் இல்லை. மூன்றுக்கு மூன்று என்ற தங்கள் தலையையே வைத்து, அதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். பார்த்துப் பழக நாளாகும். எஸ்.இ.யின் விரல்பலகை வளைவு 8.5 இன்ச், பழைய உருண்டைக்கும் புதிய தட்டைக்கும் நடுவில். பழைய ஸ்ட்ராட்டின் மேல் அன்புள்ள ஒருவர், அது தன்னைத் தொந்தரவு செய்த இடங்களை மட்டும் தொட்டுச் சரிசெய்திருக்கிறார் என்று தெரிகிறது. நான் அரைமணி நேரம் கீழே வைக்கவில்லை. எனக்கே எனக்கென்று ஒன்று வாங்குவதாக இருந்தால் காசு சேர்த்து இதைத்தான் வாங்குவேன். மூன்று சிங்கிள் காயில் என்பதால் இன்வெர்ட்டர் இரைச்சல் இதிலும் வரும், அதை மறைக்க வேண்டியதில்லை.

கோர்ட் ஜி வரிசையை யாரும் அலட்சியமாகத் தாண்டிப் போகவேண்டாம். கோர்ட் தென்கொரியக் கம்பெனி, இந்தோனேசியாவில் பெரிய ஆலை வைத்திருக்கிறது. மேலே சொன்ன சில்வர் ஸ்கை எஸ்.இ.யைச் செய்துகொடுப்பதும் அவர்கள்தான். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் வெளியூர்க் கடைகளுக்கு அவரவர் முத்திரை குத்திக் கொலுசு செய்துகொடுப்பதுபோல. தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் கிட்டாரிலும் வேலைப்பாடு சுத்தம், நான் எடுத்துப் பார்த்ததில் ஃப்ரெட்டின் முனை ஒன்றுகூடக் கையைக் கிழிக்கவில்லை. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், பெயரில்லாத மலிவுக் கிட்டாருக்குப் போவதைவிட இதற்கு இன்னும் ஒரு மாதம் காத்திருப்பது மேல்.

ஃபெண்டரை விட்டு வந்தபிறகு லியோவே ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற கம்பெனி தொடங்கி, தன் பழைய உருவத்தைத் தானே திருத்திக்கொண்டிருந்தார். 1991-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. புது வகை பிக்கப், புது வகை பிரிட்ஜ் என்று உள்ளே எல்லாவற்றையும் மாற்றியவர், உடலின் சரிவுகளில் பெரிதாகக் கைவைக்கவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அந்தக் கிட்டார்கள் சேலத்தில் என் கையில் சிக்கவில்லை என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கடையில் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஆம்ப்பில் செருகிச் சத்தத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் கேபிளே செருகாமல் தொடங்கினோம். ஒவ்வொன்றையும் முதலில் குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள், விலாச் சரிவைக் கையால் தடவினாள். அப்புறம் கைப்பிடி இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து வலது தொடையில் வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிடச் சொன்னேன். கிட்டார் தானாக நிற்கிறதா, முன்னால் வழுக்குகிறதா என்று தெரிய. அப்புறம் ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று மறுபடி இரண்டு கையையும் எடுக்கச் சொன்னேன். கழுத்து கீழே சாய்கிறதா என்று பார்க்க. பிறகு பத்து நிமிடம், செருகாமலே, அவளுக்குத் தெரிந்த பாட்டு. கடைக்காரர் பொறுமையானவர். "இப்படி யாரும் பார்க்கிறதில்லீங்க, எல்லாரும் கலரைத்தான் பார்ப்பாங்க" என்றார்.

அந்தச் சோதனையில் இரட்டைக் கொம்புக் கிட்டார் எதுவும் மோசமாகத் தோற்கவில்லை. எழுபது வருடமாகியும் அந்த வரைபடம் அவ்வளவு நல்லது. வித்தியாசம் எல்லாம் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் வந்தது. அஃபினிட்டியில் அவள் முதுகை வளைத்து உட்கார்ந்தாள். கிளாசிக் வைப்பில் நேராக உட்கார்ந்தாள், ஆனால் முன்கை உடலின் மேல் சரியாகப் படுவதற்குத் தோளைக் கொஞ்சம் தூக்கவேண்டியிருந்தது. பெரியவர்களின் மார்பு அகலத்துக்கு வரைந்த உடல் அது. பசிஃபிக்காவில் தோள் இறங்கியது. ஏ.இசட்.இ.எஸ்.ஸில் தோளைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை.

இருபது வயதைத் தாண்டிய, பழைய பாட்டுகளின் கிண்ணென்ற சத்தத்துக்காகவே ஸ்ட்ராட் தேடும் ஒருவர் என்னிடம் கேட்டால் கிளாசிக் வைப் என்பேன், யோசிக்க வேண்டியதில்லை. மெட்டல் இசை வாசிக்கப்போகும் பையன் ஆர்.ஜி. வாங்கட்டும். என்ன வாசிக்கப்போகிறோம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு பசிஃபிக்கா 112வி. எல்லாப் பக்கமும் போய்வரும் கிட்டார் அது, விற்க நினைத்தாலும் கேட்க ஆள் இருக்கும். பி.ஆர்.எஸ். வாங்கும் வசதி இருந்தால் தயங்காதீர்கள், ஆனால் முதல் எலக்ட்ரிக் கிட்டாராக அல்ல. தனக்கு எந்த இடத்தில் தொந்தரவு என்று தெரிந்த கைக்குத்தான் அந்தத் திருத்தங்களின் அருமை புரியும்.

அக்கா மகளுக்கு நான் மனதில் முடிவு செய்திருந்தது பசிஃபிக்காதான். அவள் கடைசிச் சனிக்கிழமை ஏ.இசட்.இ.எஸ்.ஸைக் கையில் எடுத்தவள் கொடுக்கவில்லை. வளர்கிற பிள்ளை, இன்னும் இரண்டு வருடத்தில் இந்த உடல் சின்னதாகிவிடுமே என்று அக்கா கவலைப்பட்டாள். பாவாடை சட்டைக்குச் சொல்லவேண்டிய கவலை அது. பி.ஆர்.எஸ். தன் பெயர்பெற்ற கஸ்டம் 24 கிட்டாரிலேயே 25 இன்ச் நீளம்தான் வைத்திருக்கிறது, வளர்ந்த ஆண்கள் அதை மேடையில் வாசிக்கிறார்கள். எனக்கு இருந்த ஒரே கேள்வி இன்வெர்ட்டர் இரைச்சல். அதே வரிசையில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் வைத்த மாடல் இருந்தது. அதையே வாங்கினோம். வாசிப்பது அவள் விலா, அவள் தோள். அது சொன்னதை நான் கேட்டேன்.

எந்தக் கிட்டார் வாங்கி மலைக்குக் கொண்டுபோனாலும் ஒன்று செய்யுங்கள். சேலத்தின் மே மாதக் காய்ச்சலில் கிடந்த மரம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்துக்குள் போனால் ஈரத்தைக் குடிக்கும், கழுத்து அசையும். போன உடனே பையைத் திறக்காமல் அரைநாள் அப்படியே வையுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். வாசித்து முடித்தால் கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லையென்றால் காப்பித் தோட்டத்துப் பனியில் பத்து நாளில் துரு ஏறிவிடும். பிரிட்ஜ் ஆடுகிற வகையாக இருந்தால், ஆரம்பத்தில் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகளை இறுக்கி உடலோடு ஒட்ட வைத்துவிடுங்கள், சுருதி நிற்கும்.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்து மேலே போய்விட்டாள். பத்தாம் நாள் விடுதி போனில் இருந்து அழைத்தாள். "மாமா, விலாவுல எதுவும் இல்ல. ஆனா கம்பி கொஞ்சம் ஒசரமா ஆயிருச்சு, எஃப் மறுபடி கஷ்டமா இருக்கு." கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆலன் கீயை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன்.